நட்டில் நாற்பத்திரண்டு

வெர்னியர் காலிப்பரைக் கைப்பையிலிருந்து எடுத்ததும்
எஸ்ஸாப் முகம் சுளித்தார்.
"பேஸ் கிட்டாரம்மா இது. பிஸ்டன் இல்லை."
நான் பார்த்த பிஸ்டன்களின் கணக்கு அவருக்குத் தெரியாது:
ப்ராஸ்பெக்டன் ஆலையில் ஷிப்டுக்கு அறுநூறு.
ஒரு மயிரிழை பிசகினால் சிவப்புத் தொட்டி.

விக்டோரியா தெரு, ஜனவரி.
டர்பன் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.
சுவரில் ஒரு கறுப்பும் ஒரு பழுப்பும்
கழுத்தை நீட்டிக்கொண்டு தொங்கின.
முப்பத்தொன்பது வயதில் நான்
இன்னும் யாருக்கும் நீட்டவில்லை.
அதைப் பேசத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்.

கறுப்பு, நட்டில் முப்பத்தெட்டு.
பழுப்பு, நாற்பத்திரண்டு.
முதல் ஃப்ரெட்டில் தடிமன்
இரண்டுக்கும் இருபத்தொன்று புள்ளி மூன்று.
மறுபடி அளந்தேன். அதே மூன்று.
பஸ் டிக்கெட்டின் முதுகில் குறித்துக்கொண்டேன்.

"உன் கை சின்னது, சின்னதை எடு" என்றான் கேசவ்ரன்,
செருப்புக்கடைக்கு வந்தவன்போல.
சனிக்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை சபை,
பதினொரு வருடமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்து
டிரம்ஸ் அடிக்கிறவன்.
என் முதுகு அவனுக்குத் தெரியும்.

கறுப்பைப் பிடித்தேன்.
குறுகல்தான், ஆனால் இரு ஓரமும்
தோள் தூக்கி நின்றன,
வரிசையில் இடம் விடாத ஆள் மாதிரி.
உள்ளங்கை முழுக்க மரம்.
நாலாவது கம்பிக்கு விரல் போகும்போதெல்லாம்
கட்டைவிரல் ஒரு மேட்டைத் தாண்டியது.
பளபளக்கும் வார்னிஷ் வேறு;
பலாச்சுளை உரித்த கைபோல ஒட்டியது.

பழுப்பு அகலம்.
ஆனால் முதுகிலிருந்து ஓரத்துக்கு
சரிந்து இறங்கியது, அவசரமில்லாமல்.
வார்னிஷை யாரோ தேய்த்து எடுத்திருந்தார்கள்.
அரிசிமாவு தொட்ட வழவழப்பு.

அப்படியானால் இருபத்தொன்று புள்ளி மூன்று என்பது என்ன?
காலிப்பருக்குத் தாடை இரண்டு.
அது கடிக்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையில்
மரம் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது.
கைக்கு எலும்பு இருபத்தேழு.
கண்ணால் காண்பதும் பொய்,
காதால் கேட்பதும் பொய் என்றவர்கள்
காலிப்பரைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அப்போது கரண்ட் போனது.
அட்டவணைப்படி நாலு மணிக்குப் போகவேண்டியது,
மூன்று ஐம்பதுக்கே.
அலாரமும் செத்துவிடும் என்று
எஸ்ஸாப் ஷட்டரைக் கடகடவென இறக்கினார்.
ஆம்ப்ளிஃபயர் ஒரு 'டப்'போடு கண்ணை மூடியது.
இருட்டு. எங்கோ மின்விசிறி
சுற்றி ஓய்கிற சத்தம்.

பேஸின் கொம்பைத் தாடையெலும்பில் வைத்து அழுத்தினேன்.
பல்லுக்குள் கேட்டது கீழ் ஸ்வரம்.
போன வாரம் மார்பிள்ரே கல்யாணத்தில்
மாப்பிள்ளை வர ஒன்றரை மணி நேரமானபோது
ஓட்டிக்கொண்டே இருந்தோமே, அதே நாலு சுரம்.
கேசவ்ரன் கல்லாமேசையில் சில்லறையால் தட்டினான்.
எஸ்ஸாப் இருமினார், தாளத்தில்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
"எது கையில் இருக்கிறது?" என்றான் கேசவ்ரன்.
சொல்ல வாயெடுத்தேன்.
தெரியவில்லை.
நட்டுக்குப் போய்த் தடவிப் பார்த்துத்தான் சொன்னேன்:
நாற்பத்திரண்டு.

"அகலமாச்சே" என்றான்.
"மறந்துபோச்சு" என்றேன்.
அதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை.

எஸ்ஸாப் கைபேசி வெளிச்சத்தில் ரசீது எழுதினார்.
லே-பை, முன்பணம் அறுநூறு ராண்ட்,
மீதி மூன்று மாதத்தில்,
தவறினால் பேஸ் திரும்பச் சுவருக்கு.
"அந்தக் கறுப்புக்குத்தான் கிராக்கி அதிகம்" என்றார்.
யாரைத் தேற்றினாரோ.

சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் இடமில்லை.
மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.
உருண்டை எஃகு, தோளில்லை, சரிவில்லை,
நூறு கைகளின் ஈரம்.
ஆனாலும் கட்டைவிரல் போய்
அதன் முதுகு எங்கே என்று
ஹிகின்சன் நெடுஞ்சாலை வரைக்கும் தேடியது.